கதவு சாத்தியதைப் பார்த்தேன்

கல்லூரியில் என்னைச் சேர்ப்பதற்கு முன் அப்பா அந்த அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேட்டார். ஹாஸ்டலுக்கு கேட் உண்டா? சாயங்காலம் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்? காலையில் பிரார்த்தனை உண்டா? மூன்றுக்கும் வந்த பதில்கள் அவருக்குத் திருப்தியாக இருந்தன. அன்று இரவு ஆரணிக்குத் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னார்: “சாமி பேர் வெச்ச காலேஜு. பயமில்ல.” அது 1999 ஜூன் மாதம்.

அப்பா பட்டு நெசவாளி. எங்கள் வீட்டு முன்கூடத்தின் பாதியைக் குழித்தறி எடுத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில்தான் சாப்பாடு, படிப்பு, தூக்கம், விருந்தாளி எல்லாம். அப்பா நெய்வார். அம்மா தார் சுற்றுவாள், சமைப்பாள், பாவு நீட்டும்போது தெருவில் வெயிலில் நிற்பாள். நெசவாளர் சங்க அட்டையில் அப்பா பெயர் மட்டும் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண் வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள் என்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ‘சாமி காலேஜ்’ என்று அப்பா சொன்னது அம்மாவுக்கு மட்டுமல்ல, தெருவுக்கும்தான்.

அது எந்த மதத்துக் கல்லூரி என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்ற மதத்தார் எல்லாரும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அந்த நிம்மதியை யாருக்கும் தர எனக்கு விருப்பமில்லை.

கல்லூரியில் விதிகள் நிறைய இருந்தன. துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி நிறுத்த வேண்டும். தலைமுடி பின்னியிருக்க வேண்டும். ஹாஸ்டல் கேட் பெண்களுக்கு ஆறு மணிக்குப் பூட்டும், ஆண்களுக்கு ஒன்பது மணிக்கு. நூலகம் எட்டு மணிவரை திறந்திருந்தது. ஆனால் ஐந்தரைக்குப் பிறகு நாங்கள் அங்கே இருக்கக் கூடாது. பரீட்சை நேரத்தில் ஒரே ஒரு பிரதி உள்ள புத்தகத்தை ஐந்தரைக்கு மேசையில் வைத்துவிட்டு வருவோம், பையன்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். இதைப் பாரபட்சம் என்று யாரும் சொன்னதில்லை. எங்களிடமே அந்தச் சொல் இருக்கவில்லை. “உங்க நல்லதுக்குத்தான்” என்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

பெண்கள் எங்கே நிற்கலாம், என்ன உடுத்தலாம், யாருடன் பேசலாம் என்று சொல்ல அத்தனை விதிகள். ஒரு ஆசிரியர் ஒரு மாணவியைத் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தலாமா என்பதற்கு மட்டும் விதி எதுவும் இல்லை.

இரண்டாம் ஆண்டில், 2001 ஜனவரியில், அது நடந்தது. என் அறைத்தோழியும் ஆரணிக்காரி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. அவளும் தறி வீட்டுப் பெண். செய்முறைத் தேர்வுக்கு முன் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் இன்டர்னல் மார்க் போய்விடும். கையெழுத்துப் போட வேண்டியவர் காலைப் பிரார்த்தனையை நடத்துகிறவரும்கூட. நல்ல குரல். எங்கள் வீட்டுக்காரர்கள் யாராவது வந்தால் அவரை எழுந்து நின்று கும்பிடுவார்கள். எல்லாருடைய நோட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு இவளை மட்டும் “நாலு மணிக்கு மேல வா” என்றார். “நீயும் கூட வாடி” என்று அவள் என்னைக் கேட்டாள். போனேன். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

உள்ளே நடந்ததை அவள் அன்று இரவு சொன்னாள். அதை நான் இங்கே எழுதுவதற்கில்லை. அது அவளுடையது. கதவு திறந்தபோது நான் பார்த்ததை எழுதலாம். அவள் நோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஒரு பக்கத் துப்பட்டா ஊக்கு இல்லை. நோட்டில் கையெழுத்தும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதி முதல்வர் அறையில் கொடுத்தாள். எங்களில் வேறு யாருக்கும் அந்தத் தைரியம் வந்திருக்காது. மூன்றாம் நாள் அவளுடைய அப்பாவை ஆரணியிலிருந்து வரவழைத்தார்கள். பக்கத்து வீட்டு டெலிபோனுக்குச் செய்தி போயிருந்தது. தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த மனிதர், கையில் மஞ்சள் பையோடு வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றார். உள்ளே இவளிடம் கேட்ட கேள்விகள்: நாலு மணிக்கு மேல் ஏன் போனாய்? தனியாக ஏன் உள்ளே போனாய்? கதவைச் சாத்தியதும் ஏன் கத்தவில்லை?

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் துறைத்தலைவர், ஒருவர் அறக்கட்டளையின் செயலர். ஒரே ஒரு பெண், எங்கள் வார்டன். செயலர்தான் பேசினார். முதலில் என் அப்பாவைப் பற்றி விசாரித்தார். எனக்கு அறக்கட்டளை பாதிக் கட்டணம் தள்ளுபடி செய்திருப்பதை நினைவுபடுத்தினார், ரொம்பப் பிரியமாக. அதற்குப் பிறகு கேட்டார்: “நீ என்னம்மா பார்த்தே?”

“எதுவும் பாக்கல சார்” என்றேன்.

அது பொய்யில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லைதானே! ஆனால் கதவு சாத்தியதைப் பார்த்தேன். என்னை வெளியே நிற்கச் சொன்னதைக் கேட்டேன். ஊக்கு இல்லாததைப் பார்த்தேன். அவர்கள் இதையெல்லாம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று மாலையே டி.சி. கொடுத்து அவளை அப்பாவோடு அனுப்பிவிட்டார்கள். “பொண்ணு பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்” என்றார்களாம். அவர் மறுநாள் காலைப் பிரார்த்தனை நடத்தினார். கல்லூரி அதற்குப் பிறகு ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது: நாலு மணிக்கு மேல் மாணவிகள் துறைக் கட்டடத்தில் இருக்கக் கூடாது.

பிற்பாடு சட்டம் படித்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. 2001இல் அந்த அறையில் நடந்ததற்கு ‘அப்போதெல்லாம் சட்டம் இல்லை’ என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது. 1997 ஆகஸ்ட் 13 அன்றே உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்துவிட்டது. பணியிடங்களுக்கும் நிறுவனங்களுக்கும் புகார்க் குழு வேண்டும். அதற்குப் பெண் தலைமை தாங்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். மேலிருந்து வரும் அழுத்தத்தைத் தடுக்க வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை இதுவே சட்டம் என்றது நீதிமன்றம். அந்த ஐந்து பேர் எனக்கு முன்னால் உட்கார்ந்தபோது அதற்கு மூன்றரை வயது.

அந்தத் தீர்ப்புக்குக் காரணமானவர் ராஜஸ்தானின் படேரி கிராமத்துப் பன்வாரி தேவி. மண்பாண்டம் செய்யும் சாதியில் பிறந்தவர், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ என்ற களப்பணியாளர். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் வேலை செய்யப் போன இடத்தில் அவருக்குப் பாதுகாப்புத் தர யார் பொறுப்பு என்ற கேள்வியைப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றன. படிப்பறிவு அதிகமில்லாத ஒரு குயவர் வீட்டுப் பெண் தன் ஊரை எதிர்த்து நின்றதால் வந்த பாதுகாப்பு, நெசவாளர் வீட்டுப் பெண்கள் படித்த கல்லூரியின் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு தன் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளை 2016 மே மாதம் அறிவிக்கையாக வெளியிட்டது. அவற்றை முதல் முறை படித்தபோது, எங்கள் கதையைத் தெரிந்துகொண்டு யாரோ எழுதியதுபோல இருந்தது. உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூத்த பெண் ஆசிரியர் தலைவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். வெளி உறுப்பினர் ஒருவர் வேண்டும். துறைத்தலைவர், பதிவாளர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் குழுவில் இருக்கவே கூடாது. புகார் கொடுத்தவரின் தாளையோ தேர்வையோ புகாருக்கு உள்ளானவர் மதிப்பிடாமல் தடுக்கலாம். அதாவது, ரெக்கார்டு நோட்டு அந்த மனிதரின் மேசைக்குப் போக வேண்டியதில்லை! விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். சமரசம் என்றால் அதைப் புகார் கொடுத்த பெண்தான் கேட்க வேண்டும். அதிலும் பணம் கைமாறக் கூடாது.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளை விடுதிப் பெண்கள்மீது சுமத்தக் கூடாது என்று அதே ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் இருந்த அந்த மூன்று மணி நேரமும் பாலியல் துன்புறுத்தலும் ஒரே ஆவணத்தில் ஏன் வருகின்றன என்று ஒரு முதல்வர் என்னைக் கேட்டார். ஐந்தரைக்கு நூலகத்தை விட்டு எழுந்து போகப் பழகியவள், ‘நாலு மணிக்கு மேல் வா’ என்று சொல்பவரிடம் ‘ஏன்?’ என்று கேட்கமாட்டாள். எங்களைப் பழக்கியதே அதற்குத்தான் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது.

இப்போது நான் இரண்டு கல்லூரிகளின் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர். இரண்டும் மத அறக்கட்டளைகள் நடத்துபவை. அங்கே அடிக்கடி கேட்கும் வாக்கியம், “எங்க நிறுவனத்துல அதெல்லாம் நடக்காது மேடம்.” அதைச் சொல்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. பலர் உண்மையிலேயே நம்புகிறார்கள். சேவை செய்கிறோம், தினமும் கடவுள் பேரைச் சொல்கிறோம், இங்கே எப்படி நடக்கும் என்று. அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம். நடக்காது என்று நம்புகிறவர்கள், நடந்ததாக ஒரு பெண் வந்து சொல்லும்போது நடந்ததை விசாரிப்பதில்லை, அவளைத்தான் விசாரிக்கிறார்கள்.

சென்னை தாம்பரத்தில் உள்ள மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியில் 2019இல் நடந்ததை நான் பயிற்சி வகுப்புகளில் சொல்வதுண்டு. விலங்கியல் மாணவிகள் கல்விச் சுற்றுலாவில் ஆசிரியர்கள் தங்களிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் கொடுத்தார்கள். ஒருத்தி அல்ல, முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்து நின்றார்கள். கல்லூரியின் உள்ளகக் குழு விசாரித்துப் புகாரில் உண்மை இருப்பதாக அறிக்கை தந்தது. அந்த அறிக்கையையும் நோட்டீசையும் ரத்துசெய்யக் கோரி ஓர் ஆசிரியர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2019 ஆகஸ்டில் நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. அதுவரை நல்ல செய்தி. ஆனால் அதே தீர்ப்பில், இருபாலரும் படிக்கும் கிறித்தவ நிறுவனங்கள் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானவை அல்ல என்று பெற்றோர் கருதுவதாக ஒரு பகுதி இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில் அந்தப் பகுதி நீக்கப்பட்டது.

நீக்கியது சரிதான். அந்த மாணவிகள் ஒரு மதத்தின் மீது புகார் கொடுக்கவில்லை. குறிப்பிட்ட ஆட்கள் குறிப்பிட்ட நாட்களில் செய்ததைப் பற்றிக் கொடுத்தார்கள். அவர்களுடைய புகார் மதச் சண்டையாக மாறிய அந்த வாரத்தில் அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. நிறுவனத்தின் மானத்தைக் காப்பவர்களும் நிறுவனத்தை இழிவுசெய்பவர்களும் கடைசியில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். புகார் கொடுத்தவளை மறக்கவைக்கிறார்கள்.

மதம் இல்லாத இடத்திலும் இந்தப் புனிதம் இருக்கிறது. 2023இல் கலாக்ஷேத்ராவின் ருக்மணி தேவி நுண்கலைக் கல்லூரி மாணவிகள் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. அங்கே உள்ளகக் குழு ஏற்கெனவே விசாரித்து, குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று முடித்துவிட்டிருந்தது. போராட்டத்துக்குப் பிறகுதான் காவல்துறை வழக்குப் பதிந்தது, ஓர் ஆசிரியர் கைதானார். குருவின் காலில் விழுந்து தொடங்கும் கலையில், அந்தக் காலுக்கு உரியவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? குழு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அது பாடம். யாருடைய நாற்காலியைக் காப்பாற்ற அந்தக் குழு உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்களைப் போன்ற தறி ஊர் ஒன்றும் இதில் உண்டு. அருப்புக்கோட்டையில் நெசவாளர் சமூகம் நடத்தும் கல்லூரி. 2018 ஏப்ரலில், பல்கலைக்கழக உயர் அதிகாரிகளுக்காக மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த உதவிப் பேராசிரியை ஒருவரின் தொலைபேசி உரையாடல் வெளியே வந்தது. அழைத்தவரும் பெண்தான். மதிப்பெண், பணம், மேற்படிப்பு என்று ஆசை காட்டப்பட்ட நான்கு மாணவிகளும் மறுத்துவிட்டார்கள். 2024 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு ஆண்கள் விடுவிக்கப்பட்டார்கள். அந்த உரையாடலைக் கேட்டபோது எனக்கு அந்த நான்கு பெண்களின் குரல்தான் மனதில் நின்றது. மரியாதையாக, பயத்தோடு, திரும்பத் திரும்ப ‘வேண்டாம் மேம்’ என்கிற தொனி. அவர்களுக்குப் போய்ச் சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் ஒலிப்பதிவு தேவைப்பட்டிருக்காது.

சென்ற வருடம் ஒரு விசாரணையில் ஒரு மாணவி சாட்சி சொல்ல வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். எதிரே உட்கார்ந்ததும், “நான் எதுவும் பாக்கல மேம்” என்றாள். குழுத் தலைவர் அதை எழுதிக்கொள்ளப் போனார். நான் நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். உன் கட்டணச் சலுகையும் ஹாஸ்டல் இடமும் இந்தக் குழுவின் கையில் இல்லை, நீ சொல்வதால் அவை போகாது, போனால் அதுவே தனிக் குற்றம் என்று சொன்னேன். தலைவரிடம் அதைப் பதிவுசெய்யவும் சொன்னேன். பிறகு கேட்டேன்: “நீ எங்க நின்னுட்டிருந்தே?” அவள் நின்ற இடத்தைச் சொன்னாள். “கதவு திறந்திருந்துதா?” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சாத்தினாங்க மேம்” என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போனேன்.

என் பழைய அறைத்தோழி இப்போதும் நெய்கிறாள். கல்லூரியை விட்ட வருடமே கல்யாணம். இரண்டு பிள்ளைகள். மாஸ்டர் வீவரிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்கிறாள். இடையில் எத்தனையோ முறை கல்யாணங்களிலும் துக்கங்களிலும் பார்த்திருக்கிறோம். அந்த ஜனவரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் தறியில் இருந்தாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கதவு சாத்தியதைப் பார்த்ததையும், ஊக்கு இல்லாததைப் பார்த்ததையும், உள்ளே போய் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

நாடா இரண்டு முறை போய் வந்தது. ஓர் இழை அறுந்தது. அவள் நிறுத்தி, குனிந்து, முடிச்சுப் போட்டாள்.

“நீ என்ன சொன்னேன்னு அன்னிக்கே தெரியும்டி. வார்டன் அப்பா கிட்ட சொல்லிட்டாங்க” என்றாள். “ரொம்ப வருஷம் உன் மேல ஆத்திரமா இருந்துச்சு. உங்கப்பாவுக்கும் ஒரு தறிதான்னு அப்புறம் நெனச்சிப்பேன். அதுக்காக மறந்துட்டேன்னு இல்ல.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அவளுடைய வேலையைப் பற்றிப் பேச்சு போனது. பாவு கொடுக்கும் இடத்தில் யாராவது தவறாகப் பேசினால் எங்கே போவாய் என்று கேட்டேன். “எங்க போறது, வேற ஆள் கிட்ட பாவு வாங்க வேண்டியதுதான்” என்றாள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். சட்டம் வந்து பதினோரு ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், இந்தக் குழுக்களை எல்லா மாவட்டங்களிலும் முறையாக அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இதைச் சொன்னேன். “எழுதிக் குடுத்துட்டுப் போ. இந்தத் தெருவுல நாலஞ்சு பேருக்கு வேணும்” என்றாள்.

கிளம்பும்போது தறியை விட்டு எழுந்து வந்தாள். மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்க்க நினைக்கிறார்கள். அதுவும் ஒரு மத அறக்கட்டளை நடத்துவதுதான். நல்ல படிப்பு, ஹாஸ்டல் இருக்கிறது, கட்டணம் கட்டுப்படியாகும். அவளுடைய கணவர் ஏற்கெனவே கேட்டைப் பற்றி விசாரித்துவிட்டாராம்.

“நீ ஒண்ணு பண்ணு. அங்க அந்தக் குழு இருக்கா, யார் யார் இருக்காங்க, பசங்க சைடுல யாரு, வெளி ஆளு யாருன்னு கேட்டுச் சொல்லு” என்றாள்.

“கேட்டுச் சொல்றேன்.”

“இல்ல, இரு. நானே வர்றேன்” என்றாள்.

அடுத்த வாரம் இருவரும் போனோம். அறிவிப்புப் பலகையில் பட்டியல் கண்ணாடிக்குள் இருந்தது. ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. மூன்று வருடப் பதவிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மாணவர் பிரதிநிதிகள் என்று போட்டிருந்த இடத்தில் பெயர்கள் இல்லை. அவள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு செருப்பை ஓரமாக விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் போனாள். இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு ஒரு கல்லூரி அலுவலகத்துக்குள் போகிறாள். நான் வெளியே நிற்கவில்லை, கூடவே போனேன்.

“சேர்க்கைக்கா? ஃபார்ம் அடுத்த மாசம்தாம்மா” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

“ஃபார்ம் அப்புறம் வாங்கிக்கறேன் சார்” என்றாள் அவள், போனை அவர் பக்கம் திருப்பி. “மொதல்ல இந்த லிஸ்டை எப்ப மாத்துவீங்கன்னு சொல்லுங்க.”